ஏழு லேயரும் தெரியும், சேர்ந்துச்சான்னு தெரியுமா?

கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்ச யாரையாவது நடுராத்திரி தட்டி எழுப்பி "ஓஎஸ்ஐ மாடல்ல எத்தனை லேயர்?"னு கேளுங்க. கண்ணைக்கூடத் திறக்காம "ஏழு. பிசிக்கல், டேட்டாலிங்க், நெட்வொர்க், டிரான்ஸ்போர்ட், செஷன், பிரசன்டேஷன், அப்ளிகேஷன்"னு ஒப்பிச்சுட்டுத் திரும்பிப் படுத்துப்பாங்க. அந்த அளவுக்கு உருப்போட்டு வெச்சிருக்கோம். பெரிய மார்க் கேள்வியாச்சே!

அதே ஆளை விடாம இன்னொண்ணு கேளுங்க. "இங்கேருந்து ஒரு கம்ப்யூட்டர் இன்னொண்ணுக்கு ஒரு தகவல் அனுப்புது. பதில் வரலை. தகவல் போய்ச் சேர்ந்துச்சா, இல்லையா?"

பெரும்பாலும் "சேரலை"ன்னு பதில் வரும். தப்பு. சில பேர் "டிசிபி பாத்துக்கும்"பாங்க. அதுவும் தப்பு. சரியான பதில் ஒரே வார்த்தை: "தெரியாது."

இந்தப் பதிவுல நான் சொல்ல வர்றது இவ்வளவுதான். கணினிகள் ஒண்ணோட ஒண்ணு எப்படிப் பேசிக்குதுங்கறதைப் பத்தி நாம முதல்ல சொல்லித் தர வேண்டியது இந்தத் "தெரியாது"வைத்தான். ஏழு அடுக்கெல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம். இதைச் சரியாச் சொல்லித் தராம விட்டதால சாதாரண ஜனங்களோட காசு தினம் தினம் அந்தரத்துல தொங்குது. தொழில்நுட்பப் பதிவுதான், ஆனா பயந்து ஓடிடாதீங்க. பொட்டி தட்டாதவங்களுக்கும் புரியற மாதிரி எழுதப் பாக்கறேன் :-)

<b>நடுவுல என்னதான் நடக்குது?</b>

சென்னைல இருக்கற நீங்க, சிங்கப்பூர்ல இருக்கற தங்கச்சியோட கம்ப்யூட்டருக்கு நேரா ஒரு போட்டோ அனுப்பறதா வெச்சுக்குவோம். 3 எம்பி அளவு. அது முழுசா ஒரே மூட்டையாப் போகாது. துண்டு துண்டா நறுக்கிடுவாங்க. ஒரு துண்டுக்குப் பேர் பாக்கெட். ஈதர்நெட் வழக்கப்படி ஒரு பாக்கெட்டுல அதிகபட்சம் 1500 பைட்டுதான் ஏத்தலாம். அதுலயும் விலாசம், வரிசை எண் மாதிரி மேல்விவரத்துக்கே ஒரு 40 பைட்டு போயிடும். ஆக உங்க போட்டோ ரெண்டாயிரத்துச் சொச்சம் துண்டு. ஒவ்வொரு துண்டு மேலயும் அனுப்புநர் பெறுநர் ரெண்டு பேர் ஐபி முகவரியும் எழுதியிருக்கும்.

இந்த ரெண்டாயிரமும் வீட்டு வைஃபை பெட்டில கிளம்பி, நெட் கம்பெனியோட ரூட்டருக்குப் போய், அங்கேருந்து இன்னொரு ரூட்டர், இன்னொண்ணுன்னு தாவித் தாவி, கடைசில கடலுக்கடியில போட்டிருக்கற கேபிள் வழியா அக்கரைக்குப் போகும். (2002-ல சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவுல போட்ட ஐ2ஐ கேபிளே சுமார் 3200 கிலோமீட்டர்.)

வழியில இருக்கற ரூட்டர் பண்ற வேலை ரொம்பச் சின்னது. பாக்கெட்டை வாங்கும். பெறுநர் முகவரியைப் பாக்கும். தன் கிட்ட இருக்கற பட்டியலைப் பாத்து "இது அந்தப் பக்கம்"னு தள்ளிவிடும். அதோட மறந்துடும். உள்ளே இருக்கறது தங்கச்சி போட்டோவா, ஆபீஸ் கணக்கான்னு அதுக்கு ஒரு அக்கறையும் கிடையாது.

கூட்டம் அதிகமாகி வரிசையில நிக்க இடமில்லைன்னா என்ன பண்ணும்? தூக்கிப் போட்டுடும். அனுப்பினவருக்கு "உன் பாக்கெட்டைப் போட்டுட்டேன்பா"ன்னு ஒரு வார்த்தைகூடப் பெரும்பாலும் சொல்லாது. இதைக் கோளாறுன்னு நினைச்சுடாதீங்க, வடிவமைச்சதே அப்படித்தான். 1981 செப்டம்பர்ல வந்த ஐபி விதிமுறை ஆவணத்துலயே, இது நம்பகமான சேவை கிடையாது, ஒப்புகையெல்லாம் இதுல எதிர்பாக்காதீங்கன்னு பட்டவர்த்தனமா எழுதி வெச்சிருக்காங்க.

ஏன் இப்படிப் பண்ணாங்க? பழைய டெலிபோனை நினைச்சுப் பாருங்க. டிரங்க்கால் போட்டா, நீங்க பேசி முடிக்கற வரைக்கும் இந்த முனையிலேருந்து அந்த முனை வரை ஒரு வழி உங்களுக்கே உங்களுக்குன்னு ஒதுக்கி வெச்சிருப்பாங்க. நீங்க பேசாம மூச்சு விட்டுக்கிட்டு இருந்தாலும் அந்த வழி உங்களதுதான். நடுவுல ஒரு எக்ஸ்சேஞ்சு படுத்துதுன்னா பேச்சு அம்பேல். 1960-கள்ல அமெரிக்காவுல பால் பாரன், இங்கிலாந்துல டொனால்ட் டேவிஸ் ரெண்டு பேரும் தனித்தனியா வேற மாதிரி யோசிச்சாங்க. தகவலைத் துண்டு துண்டாக்கி, எது எந்த வழியில போக முடியுமோ போகட்டும், ஒரு வழி அடைச்சா இன்னொரு வழின்னு. 1974-ல வின்ட் செர்ஃபும் ராபர்ட் கானும், வேற வேற ஜாதி நெட்வொர்க்குகளை எப்படி ஒண்ணாக் கோக்கறதுன்னு கட்டுரை எழுதினாங்க. அதுதான் இன்னிக்கு இணையத்தோட அஸ்திவாரம். நடுவுல இருக்கறது எதையும் உறுதி சொல்லாது, அதனாலேயே நடுவுல எதை வேணும்னாலும் வெச்சுக்கலாம்ங்கறதுதான் அதோட சூட்சுமம். செம்புக் கம்பி, கண்ணாடி இழை, செயற்கைக்கோள், எதுவானாலும் சரி.

எதை வேணும்னாலும்னா நெஜமாவே எதையும்தான். 1990 ஏப்ரல் 1-ஆம் தேதி, புறா காலில் கட்டி ஐபி பாக்கெட் அனுப்பறதுக்கு ஒருத்தர் விதிமுறை எழுதி வெளியிட்டார். ஏப்ரல் ஃபூல் ஜோக். ஆனா 2001 ஏப்ரல்ல நார்வேல பெர்கன் ஊர் லினக்ஸ் கோஷ்டி அதை நெஜமாவே பண்ணிப் பாத்துட்டாங்க. ஒன்பது பாக்கெட் அனுப்பினதுல நாலுக்குத்தான் பதில் வந்துச்சு. ஒரு பதிலுக்கு ஒரு மணி நேரம், ஒண்ணேமுக்கால் மணி நேரம்னு ஆச்சு. சிரிக்கலாம். ஆனா பாருங்க, அது *வேலை செஞ்சது*. பாதிக்கு மேல தொலைஞ்சும் விதிமுறைப்படி அது ஒரு முறையான நெட்வொர்க்.

<b>அப்ப பொறுப்பு யாருக்கு?</b>

நடுவுல இருக்கறவன் கைவிரிச்சுட்டான். மிச்சம் இருக்கறது ரெண்டு முனை. பொறுப்பு அங்கேதான்.

1984-ல சால்ட்சர், ரீட், கிளார்க்னு மூணு பேர் இதை அழகா எழுதினாங்க. அதுல எம்ஐடி-ல நடந்த ஒரு கதை வரும். அங்கே நெட்வொர்க்குல ஒவ்வொரு தாவலுக்கும் பாக்கெட் சரியா இருக்கான்னு சோதிக்கற ஏற்பாடு இருந்துச்சாம். அதை நம்பி புரோகிராம் எழுதறவங்க, "வழியெல்லாம் செக் பண்றாங்க, நாம வேற எதுக்கு"ன்னு விட்டுட்டாங்க. நடுவுல ஒரு கேட்வே கம்ப்யூட்டருக்குக் கிறுக்குப் பிடிச்சுது. தகவலைத் தனக்குள்ள ஒரு இடத்துலேருந்து இன்னொரு இடத்துக்கு நகலெடுக்கும்போது, சுமார் பத்து லட்சம் பைட்டுக்கு ஒரு தடவை ரெண்டு பைட்டை இடம் மாத்திப் போட்டுடுச்சு. கம்பியில போனப்ப எல்லாம் சரி. பெட்டிக்குள்ள இருக்கும்போதுதான் கெட்டுது. எந்தச் சோதனையிலயும் மாட்டலை. அந்த வழியா அடிக்கடி போய் வந்த ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மூல நிரல் கோப்புகள் கொஞ்சம் கொஞ்சமாக் கெட்டுப் போச்சு. கடைசில மனுஷங்க உக்காந்து பழைய அச்சுப் பிரதியோட வரி வரியா ஒப்பிட்டுத் திருத்த வேண்டியதாப் போச்சு.

வழியில எத்தனை பேர் "நான் பாத்துக்கறேன்"னு சொன்னாலும், வந்து சேர்ந்ததை முனையில இருக்கறவங்க சரிபாக்காம விடக்கூடாது. கதையோட நீதி இது.

முனையில இருந்து அந்த வேலையைப் பாக்கறவர்தான் டிசிபி. அவர் பண்றது நாலு விஷயம். துண்டுகளுக்கு வரிசை எண் போடறார். வந்து சேர்ந்ததுக்கு எதிர்முனையிலேருந்து ஒப்புகை கேக்கறார். ஒப்புகைக்காகக் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே இருக்கார். நேரத்துக்கு வரலைன்னா அந்தத் துண்டை மறுபடி அனுப்பறார். எதிர்முனைல, துண்டு முன்னே பின்னே வந்தா எண்ணைப் பாத்து அடுக்கறார். ஒரே எண் ரெண்டு தடவை வந்தா ஒண்ணைத் தூக்கிக் கடாசிடறார். இந்தக் கடைசி விஷயத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, அப்புறம் வேணும்.

மறுபடி அனுப்பறதுலயும் ஒரு நாசூக்கு வேணும். 1986 அக்டோபர்ல கலிஃபோர்னியாவுல பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் பக்கத்துல இருக்கற லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் நடுவுல, வெறும் 400 கஜ தூரம், நொடிக்கு 32,000 பிட்டு போய்க்கிட்டு இருந்த வழியில திடீர்னு 40 பிட்டுதான் போச்சு. எண்ணூறுல ஒரு பங்குதான் தேறுச்சு. காரணம் என்னன்னா, பதில் வர லேட்டாகுதுன்னு எல்லாரும் மறுபடி மறுபடி அனுப்ப, அந்தக் கூட்டமே வழியை அடைச்சுடுச்சு. பிளஸ் டூ ரிசல்ட் வர்ற காலையில நாம எல்லாரும் ரிஃப்ரெஷ் பட்டனைப் போட்டுக் குத்துவோமே, அதே கதைதான். வான் ஜேக்கப்சன் இதை ஆராய்ஞ்சு 1988-ல ஒரு கட்டுரை எழுதினார். பதில் வரலைன்னா வேகத்தைக் குறை, ஒவ்வொரு தடவையும் இன்னும் அதிக நேரம் காத்திருந்து அனுப்பு, மெதுவா ஏத்துன்னு. அந்தப் பணிவு இல்லைன்னா இன்னிக்கு இணையம் ஓடாது.

<b>மௌனத்துக்கு ரெண்டு அர்த்தம்</b>

இப்ப நம்ம முதல் கேள்விக்கு வருவோம்.

அந்தக் காலத்து மணியார்டர் ஞாபகம் இருக்கா? பட்டணத்துலேருந்து மகன் ஊருக்குப் பணம் அனுப்புவான். தபால்காரர் அம்மா கிட்ட கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, பணத்தைக் கொடுத்துட்டு, கையெழுத்துப் போட்ட துண்டு திரும்பி மகனுக்கு வரும். சரி, பதினஞ்சு நாளாச்சு, துண்டு வரலை. என்ன அர்த்தம்?

ஒண்ணு, பணம் போய்ச் சேரலை. இல்லேன்னா, பணம் சேர்ந்துடுச்சு, *துண்டு* வழியில தொலைஞ்சுடுச்சு. மகன் பக்கத்துலேருந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். சேரலைன்னு நினைச்சு மறுபடி பணம் அனுப்பினா ரெண்டு தடவை போயிடலாம். சேர்ந்திருக்கும்னு நினைச்சுச் சும்மா இருந்தா அம்மா பட்டினி கிடக்கலாம்.

கணினி நெட்வொர்க்கோட அடிப்படைச் சிக்கல் அம்புட்டும் இந்த ஒரு துண்டுலதான் இருக்கு.

"துண்டு வந்துச்சான்னு இன்னொரு துண்டு அனுப்பினா?"ன்னு கேப்பீங்க. அந்த இன்னொரு துண்டு தொலையாதுன்னு என்ன நிச்சயம்? அதுக்கு ஒண்ணு, அதுக்கு இன்னொண்ணுன்னு போய்க்கிட்டே இருக்கும். 1975-லயே மூணு ஆராய்ச்சியாளர்கள் இதை ரெண்டு கொள்ளைக் கும்பல் உதாரணம் வெச்சு எழுதிட்டாங்க. 1978-ல ஜிம் கிரே அதை ரெண்டு தளபதி கதையா மாத்தினார். பள்ளத்தாக்குக்கு இந்தப் பக்கம் ஒரு படை, அந்தப் பக்கம் ஒரு படை. ரெண்டும் ஒரே நேரத்துல தாக்கினாத்தான் ஜெயிக்கும். நடுவுல தூதன் மாட்டிக்கலாம். நிச்சயமா ஒத்துப்போக எத்தனை தூது வேணும்?

பதில்: எத்தனை அனுப்பினாலும் முடியாது. நிரூபணம் ரொம்ப எளிமை. இத்தனை தூது போதும்னு ஒரு கணக்கு இருக்குன்னு வெச்சுக்கோங்க, இருக்கறதுலயே குறைஞ்ச கணக்கு. அதுல கடைசித் தூதன் வழியில மாட்டிக்கலாம் இல்லையா? மாட்டினாலும் திட்டம் நடக்கணும். அப்படின்னா அந்தக் கடைசித் தூதன் தேவையே இல்லை, எடுத்துடலாம். இப்ப அவனுக்கு முந்தினவன் கடைசி. அதே நியாயப்படி அவனையும் எடுத்துடலாம். எடுத்துக்கிட்டே வந்தா ஒரு தூதும் இல்லாமலேயே ஒத்துப்போகலாம்னு வந்து நிக்கும். அபத்தம். ஆக அப்படி ஒரு கணக்கே கிடையாது. அம்புட்டுதான். கால்குலஸ் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். ஒன்பதாம் வகுப்புப் பசங்களுக்கே சொல்லலாம். ஆனா ஏழு லேயரை உருப்போட வைக்கற வகுப்புகள்ல இதுக்கு நேரம் இருக்காது.

வாட்ஸப்புல ஒரு டிக், ரெண்டு டிக் பாக்கறோமே, அதுவும் இதேதான். ஒரு டிக்னா உங்க செய்தி அவங்க சர்வருக்குப் போயிடுச்சு. ரெண்டு டிக்னா எதிராளி போனுக்குப் போன ஒப்புகை உங்களுக்கு வந்துடுச்சு. ரெண்டாவது டிக் வரலைன்னா "போகலை"ன்னு அர்த்தமில்லை. போனதுக்கான ஒப்புகை இன்னும் வரலைன்னு மட்டும்தான் அர்த்தம். இது புரியாம எத்தனை காதல் முறிஞ்சிருக்கோ, ஹி ஹி.

<b>காசு விஷயத்துக்கு வருவோம்</b>

காதல் போனா இன்னொண்ணு வரும். காசு?

எங்க சொந்தத்துல ஒரு சித்தப்பா. பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் 48,000 ரூபாய், ஆன்லைன்ல கட்டணும், அன்னிக்குக் கடைசி நாள். பட்டனை அமுக்கினார். சக்கரம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. கடைசில சிவப்பு எழுத்துல "பேமென்ட் ஃபெயில்ட்"னு வந்துச்சு. நல்ல மனுஷன், மறுபடி கட்டினார். இந்தத் தடவை பச்சை வந்துச்சு. அரை மணி கழிச்சு பேங்க்லேருந்து ரெண்டு எஸ்எம்எஸ். ரெண்டு தடவையும் எடுத்துட்டாங்க, 96,000. கைல இருந்தது, அண்ணன் கிட்ட கைமாத்தா வாங்கினது, எல்லாம் சேத்து. அந்தக் காசு திரும்பி வர பத்தொன்பது நாள் ஆச்சு. நடுவுல வாடகைக்கும் வைத்தியத்துக்கும் வட்டிக்கு வாங்கினார். போன் பண்ணிக் கேட்டா, அந்தப் பக்கத்துலேருந்து "நீங்க ஏன் சார் ரெண்டு தடவை அமுக்கினீங்க?"ன்னு கேள்வி.

எனக்குப் பத்திக்கிட்டு வந்தது இங்கேதான்.

அவர் ஏன் ரெண்டு தடவை அமுக்கினார்? உங்க பக்கம் "ஃபெயில்ட்"னு சொன்னதால. ஃபெயில் ஆச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. பேங்க்லேருந்து பதில் வரலை, அவ்வளவுதான் தெரியும். மௌனத்துக்கு ரெண்டு அர்த்தம் இருக்கு, அதுல ஒண்ணை இவங்களாவே எடுத்துக்கிட்டுச் சிவப்புல எழுதிட்டாங்க. அதை எழுதினவருக்கு ஏழு லேயரும் தலைகீழாத் தெரிஞ்சிருக்கும், எனக்குச் சந்தேகமே இல்லை. அங்கே எழுத வேண்டிய நேர்மையான வாக்கியம், "பணம் போச்சா இல்லையான்னு எங்களுக்கு இன்னும் தெரியலை. விசாரிச்சுக்கிட்டு இருக்கோம். மறுபடி கட்டாதீங்க" என்பதுதான்.

இன்னொரு வாசகம் இருக்கு, எல்லாருக்கும் மனப்பாடம். "தயவுசெய்து பேக் பட்டனையோ ரிஃப்ரெஷ் பட்டனையோ அழுத்த வேண்டாம்." இதை ஒரு மரியாதையான அறிவிப்புன்னு நினைச்சுக்கறோம். நான் சொல்றேன், பல இடங்கள்ல அது ஒரு ஒப்புதல் வாக்குமூலம். "நீங்க ரெண்டு தடவை கேட்டா எங்களால கண்டுபிடிக்க முடியாது, அதனால பொறுப்பு உங்க தலைல"ங்கறதுதான் அதோட மொழிபெயர்ப்பு. நடுவுல இருக்கற நெட்வொர்க் கைவிரிக்கறது வடிவமைப்பு. முனையில இருக்கற பொட்டியும் கைவிரிச்சா, கடைசில மாட்டறது சித்தப்பா.

"டிசிபி இருக்கே, ஒரே எண் ரெண்டு தடவை வந்தா கடாசிடும்னு நீயே சொன்னியே?"ன்னு கேக்கறவங்களுக்கு: அது ஒரு இணைப்புக்குள்ள மட்டும்தான். இணைப்பு அறுந்து, நீங்க மறுபடி பட்டனை அமுக்கினா, அது புது இணைப்பு, புது எண்கள். டிசிபி கண்ணுக்கு அது வேற யாரோ அனுப்பற வேற ஏதோ. 48,000 ரூபாய்னா என்னன்னே அதுக்குத் தெரியாது. ஆகவே அதே தந்திரத்தை இன்னும் மேல, பணம் கட்டற புரோகிராம்லயே மறுபடி பண்ணணும். எம்ஐடி கதையோட நீதி ஞாபகம் இருக்கு இல்ல?

அது ஒண்ணும் ராக்கெட் விடற வேலை இல்லை. கல்யாண வீட்டு மொய் நோட்டு பாத்திருப்பீங்க. மாமா ஒரு பையன் கிட்ட மொய்க் காசைக் கொடுத்து அனுப்பறார். பையன் திரும்பி வரலை. சந்தேகத்துல இன்னொரு பையன் கிட்ட மறுபடி கொடுத்து அனுப்பறார். மொய் எழுதறவர் நோட்டைத் திருப்பிப் பாத்துட்டு "இந்த ஊர், இந்தப் பேர், ஏற்கெனவே வரவு வெச்சாச்சே. காசை எடுத்துட்டுப் போ தம்பி, எழுதியாச்சுன்னு சொல்லு"ன்னு அனுப்பிடுவார். முடிஞ்சுது. எத்தனை பையன் வந்தாலும் மொய் ஒண்ணுதான்.

அதே மாதிரி, பணம் கட்டற பக்கம் திறக்கும்போதே அந்தக் கட்டணத்துக்குன்னு ஒரு எண் போட்டுடணும். நீங்க பட்டனை ஒரு தடவை அமுக்கினாலும் ஒன்பது தடவை அமுக்கினாலும் அதே எண்தான் போகும். அந்தப் பக்கம் நோட்டைப் பாத்து, அந்த எண் ஏற்கெனவே இருந்தா மறுபடி எடுக்காம, முதல்ல என்ன ஆச்சோ அந்தப் பதிலையே திருப்பிச் சொல்லணும். செக் நம்பர் மாதிரி. ஒரே செக்கை ரெண்டு தடவை மாத்த முடியுமா? இதை ஒழுங்காப் பண்ற நிறுவனங்கள் இருக்கு, பல வருஷமாப் பண்ணிக்கிட்டு இருக்காங்க. பண்ணாதவங்களுக்கு என்ன சாக்கு?

இந்த மௌனச் சிக்கல் அரசாங்கத்துக்கே புரிஞ்சிருக்குங்கறதுக்கு ஒரு சாட்சி சொல்றேன். 2019 செப்டம்பர் 20-ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டுச்சு. ஏடிஎம்-ல கணக்குலேருந்து காசு கழிஞ்சு, கைக்கு வரலைன்னா, அந்த நாளுக்கு அப்புறம் 5 நாளுக்குள்ள தானாத் திருப்பணும். யுபிஐ-ல ஒருத்தருக்கு அனுப்பி, நம்ம கணக்குல கழிஞ்சு அவர் கணக்குல ஏறலைன்னா மறுநாளுக்குள்ள. கடைக்குக் கட்டினதுன்னா 5 நாளுக்குள்ள. தவறினா நாளொண்ணுக்கு 100 ரூபாய், வாடிக்கையாளர் புகார் கொடுக்கற வரை காத்திருக்காம அவங்களாவே கொடுக்கணும். என் பார்வையில இது ரெண்டு தளபதி கதைக்கு ஒரு நாடு எழுதின பதில். "உடனே தெரியாதுங்கறதை ஒத்துக்கறோம், ஆனா இத்தனை நாளுக்குள்ள நோட்டை ஒத்துப் பாத்துக் கண்டுபிடி"ன்னு. அந்தக் கெடு போட்டதை நான் முழு மனசா வரவேற்கறேன். ஆனா "ஃபெயில்ட்"னு பொய் சொல்லி, ஜனங்களை ரெண்டு தடவை கட்ட வைக்கற பக்கத்துக்கு இது மருந்தில்லை. ரெண்டாவது தடவை கட்டினது கணக்குப்படி "வெற்றிகரமான" பரிவர்த்தனை ஆச்சே!

<b>அப்ப ஓஎஸ்ஐ வேண்டாமா?</b>

வாத்தியார்கள் சண்டைக்கு வர்றதுக்குள்ள சொல்லிடறேன். அடுக்கடுக்காப் பிரிச்சு யோசிக்கறது அருமையான விஷயம். கம்பி போடறவர் வெப்சைட்டைப் பத்திக் கவலைப்பட வேண்டாம், வெப்சைட் எழுதறவர் கம்பியைப் பத்திக் கவலைப்பட வேண்டாம். அதுல மாற்றுக் கருத்தே இல்லை. ஆனா அந்த *ஏழு*? அது 1984-ல ஐஎஸ்ஓ தரமா வெளிவந்துச்சு. அதுக்கு முந்தியே, 1983 ஜனவரி 1-ஆம் தேதி அர்ப்பாநெட் டிசிபி/ஐபி-க்கு மாறியாச்சு. ஓஎஸ்ஐ-க்காகத் தனியா எழுதின விதிமுறைகள் பெரும்பாலும் போட்டில தோத்துப் போச்சு. இன்னிக்கு ஓடற இணையத்துல செஷன், பிரசன்டேஷன்னு தனித்தனி அடுக்கைத் தேடினா கிடைக்காது. கட்டாத வீட்டோட வரைபடத்தை நாப்பது வருஷமா மனப்பாடம் பண்ண வைக்கறோம்.

அதோட, அந்தப் படம் ஒரு தப்பான நிம்மதியைத் தருது. "நம்பகத்தன்மை நாலாவது அடுக்கோட வேலை. நான் ஏழாவதுல இருக்கேன், எனக்கென்ன?"ன்னு நினைக்க வைக்குது. அப்படி நினைச்சவங்க எழுதினதுதான் அந்தச் சிவப்பு எழுத்து.

என்னைக் கேட்டா முதல் வகுப்புல மாணவர்களை ரெண்டு கோஷ்டியாப் பிரிச்சு, ரெண்டு அறையில உக்கார வெச்சு, நடுவுல ஒரு குறும்புக்காரப் பையனைத் தூதனா விடணும். அவன் இஷ்டப்பட்டா சீட்டைக் கொடுப்பான், இல்லைன்னா கிழிச்சுப் போடுவான். இப்ப ஒரு கோஷ்டி இன்னொண்ணுக்கு ஒரு பத்து வரிக் கதையை முழுசாச் சேக்கணும். அரை மணி நேரத்துல அதுங்களே வரிசை எண்ணையும் ஒப்புகையையும் கண்டுபிடிச்சுடும். ஒரு மணி நேரத்துல "ஒரே சீட்டு ரெண்டு தடவை வந்துடுச்சுடா"ன்னு கத்தும். அதுக்கப்புறம் எத்தனை லேயர் வேணும்னாலும் சொல்லிக் கொடுங்க, கேட்டுக்கும்.

பொட்டி தட்டாத மக்களுக்கு நான் சொல்றது இவ்வளவுதான்: சக்கரம் சுத்தி நின்னுடுச்சுன்னா, திரை என்ன சொன்னாலும் நம்பாதீங்க, உடனே மறுபடி அமுக்காதீங்க. முதல்ல உங்க பேங்க் கணக்கைப் பாருங்க. கழிஞ்சிருந்தா அதுல இருக்கற பரிவர்த்தனை எண்ணைக் குறிச்சு வெச்சுக்கோங்க, அதுதான் உங்க மொய் நோட்டு வரி. "நீங்க ஏன் ரெண்டு தடவை அமுக்கினீங்க"ன்னு யாராவது கேட்டா, "நீங்க ஏன் ரெண்டு தடவை எடுத்தீங்க?"ன்னு திருப்பிக் கேளுங்க.

பொட்டி தட்டற சகபதிவர்களுக்கு: இப்ப நீங்க ஆபீஸ்ல எழுதிக்கிட்டு இருக்கற நிரல்ல பதில் வராம நேரம் கடந்துச்சுன்னா என்ன பண்ணுதுன்னு நாளைக்கு ஒரு தடவை திறந்து பாருங்க. "தெரியாது"ங்கற நிலைக்கு அதுல இடம் இருக்கா? இல்லைன்னா உங்க வீட்டுச் சித்தப்பா எப்பவாவது அதுல மாட்டுவார்.

பி.கு. 1: வேற மாதிரி அனுபவம், வேற கருத்து இருந்தா பின்னூட்டத்துல வந்து கும்முங்க. வாத்தியார்களுக்கு முன்னுரிமை :-)

பி.கு. 2: பின்னூட்டம் போட்டு உடனே தெரியலைன்னா மறுபடி மறுபடி அமுக்காதீங்க மக்கா. மௌனத்துக்கு ரெண்டு அர்த்தம் :-))